ஒரே வீட்டில் இருந்தும் பேசிக்கொள்ளாத கணினிகள்

(தொலைக்காட்சி மன்ற நிகழ்ச்சி ஒன்றில் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பொருள், வீட்டிலுள்ள கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பது. இதைக் கேட்டதும் என் மாமியார், “நீ என்ன கம்ப்யூட்டர் படித்தவளா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் படித்தது வெகுசனத் தொடர்புத் துறையில் பட்டயக் கல்வி. ஒளிவாங்கிக்கு முன்னால் தடுமாறாமல் பேசத்தான் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால், நான்கு கணினிகள் உள்ள ஒரு கூட்டுக் குடும்பத்தில் வாழ்கிறேன். அங்கே தவறு செய்து, பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வரவேற்பறையில் ஒரு மேசைக் கணினி இருக்கிறது. கேபிள் செருகி இணையம் பார்க்கிறீர்கள். அறையில் மகளின் மடிக்கணினி. அது வைஃபையில் ஓடுகிறது. இரண்டிலிருந்தும் சென்னையில் இருக்கும் சித்தியோடு முகம் பார்த்துப் பேச முடிகிறது. ஆனால், பத்தடி தூரத்தில் இருக்கும் மேசைக் கணினியிலிருந்து ஒரு படத்தை மடிக்கணினியால் எடுக்க முடியவில்லை. இது எத்தனை வீடுகளில் நடக்கிறது? கை தூக்குங்கள். பார்த்தீர்களா, பாதி அரங்கம்!

உலகத்தோடு பேசுகிறோம், பக்கத்து அறையோடு பேச முடியவில்லை. மனிதர்களுக்கு இருக்கும் அதே நோய்தான் கணினிகளுக்கும்.

கம்பியும் காற்றும் ஒரு தாய் பிள்ளைகள்

“கம்பி வழி வருவது ஒரு இணையம், காற்று வழி வருவது வேறு இணையம், அதனால்தான் ஒட்டவில்லை” என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. இரண்டும் உறவுக்காரர்கள்தாம். 1971ஆம் ஆண்டு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர், தீவுக்குத் தீவு கம்பி இழுக்காமல் வானொலி அலை வழியாகவே கணினியைத் தொடர்புகொள்ளும் ‘அலோஹாநெட்’ என்ற ஏற்பாட்டை இயக்கிக் காட்டினார்கள். அதைப் படித்துப் பார்த்த ராபர்ட் மெட்காஃப் என்பவர், அந்த யோசனையைக் கம்பிக்குக் கொண்டுவந்து, 1973இல் ஈத்தர்நெட்டை வகுத்தார். இன்று நீங்கள் கணினியின் பின்புறம் ‘கிளிக்’ என்று செருகுகிறீர்களே, அந்த இணைப்பின் மூலம் அதுதான். பிறகு 1997இல் வீட்டுக் கம்பியில்லா இணைப்புக்கான பொதுத் தரம் வந்தது. 1999இல் அதற்கு வைஃபை என்ற பெயர் வைத்தார்கள்.

ஆக, காற்றிலிருந்து கம்பி பிறந்தது, மறுபடி கம்பியிலிருந்து காற்றுக்குப் போனது. அதனால்தான் உங்கள் ரவுட்டருக்குள் இரண்டும் சுலபமாகக் கலந்துகொள்ளும். கம்பியில் வந்தவரா, காற்றில் வந்தவரா என்று ரவுட்டர் சாதி பார்ப்பதில்லை. பேச்சு நடக்கவில்லை என்றால், இடையில் யாரோ ஒரு சுவர் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்தச் சுவர் எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

புளோக் எண்ணைப் பாருங்கள்

முதல் சோதனைக்குக் காசு செலவில்லை. ஒவ்வொரு கணினிக்கும் வீட்டுக்குள் ஒரு முகவரி உண்டு. விண்டோஸ் அமைப்புகளில் இணைய இணைப்பின் விவரங்களுக்குள் போனால் ‘ஐபிவி4 முகவரி’ என்று இருக்கும். பெரும்பாலும் 192.168.1.20 என்பது போல நான்கு பகுதிகளாக இருக்கும்.

இதை நம் வீவக முகவரியைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று பகுதிகள் புளோக் எண். கடைசிப் பகுதி வீட்டு எண். மேசைக் கணினியில் 192.168.1.20, மடிக்கணினியில் 192.168.1.35 என்று இருந்தால், இருவரும் ஒரே புளோக்கில் இருக்கிறார்கள். கதவைத் தட்டினால் கேட்கும். ஒன்றில் 192.168.1.20, மற்றதில் 192.168.0.35 என்று இருந்தால்? ஒரு வீட்டுக்குள் இரண்டு புளோக் கட்டி வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். 169.254 என்று தொடங்கினால், அந்தக் கணினிக்கு யாருமே முகவரி கொடுக்கவில்லை. கேபிள் சரியாகச் செருகப்படவில்லை, அல்லது ரவுட்டர் உறங்கிவிட்டது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இரண்டு புளோக் எப்படி வருகிறது? நம் ஊர் வீடுகளில் இதற்கு ஒரு வழக்கமான கதை உண்டு. கண்ணாடியிழை இணைப்பு கொடுக்கும் நிறுவனம் ஒரு பெட்டி தருகிறது. இப்போது வரும் பெட்டிகள் பலவற்றில் ரவுட்டரும் உள்ளேயே அடக்கம். இந்த இணைப்பு வந்து சேரும் முனை, பல புதிய வீடுகளில் நாம் ‘பாம் ஷெல்டர்’ என்று சொல்கிற காப்பறையிலோ அதன் பக்கத்திலோ இருக்கிறது. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் இந்த அறை உண்டு. தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. குண்டுக்கே வழிவிடாத சுவர் வைஃபைக்கு வழிவிடுமா? பெட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் கடைசி அறையில் ஒரு கோடுகூட வராது. அந்தச் சுவரை நம் விருப்பத்துக்குத் துளைத்துக் கேபிள் இழுக்கவும் முடியாது. அதற்கு விதிமுறைகள் இருக்கின்றன.

உடனே என்ன செய்கிறோம்? கடைக்குப் போய் இன்னொரு ரவுட்டர் வாங்கி வருகிறோம். முதல் பெட்டியிலிருந்து கேபிள் இழுத்து அதில் செருகுகிறோம். அறைக்குள் வைஃபை பிரமாதமாக வருகிறது. மகிழ்ச்சி! ஆனால், மேசைக் கணினி இன்னும் பழைய பெட்டியில் இருக்கிறது, மடிக்கணினிகள் புதிய பெட்டியில் இருக்கின்றன. ஒவ்வொரு பெட்டியும் “நான்தான் இந்த வீட்டுக்குத் தலைவர்” என்று தனித்தனியாக முகவரி கொடுக்கிறது. புதிய பெட்டி தன் வாசலில் ஒரு காவலாளியையும் நிறுத்துகிறது. உள்ளேயிருந்து வெளியே போகிறவரை விடுவார், வெளியேயிருந்து அழைக்காமல் வருகிறவரைத் தடுப்பார். இணையத்துக்குப் போகும்போது எல்லாரும் வெளியே போகிறவர்கள்தாம். அதனால் இணையம் இரண்டிலும் வேலை செய்யும். மேசைக் கணினி மடிக்கணினியைத் தேடி வரும்போதுதான் காவலாளி குறுக்கே நிற்பார்.

இதற்குத் தீர்வு எளிது. ஒரு வீட்டுக்கு ஒரு தலைவர் போதும். இரண்டாவது ரவுட்டரின் அமைப்புகளுக்குள் போய் அதை ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்ற நிலைக்கு மாற்றுங்கள். அதன் பிறகு அது முகவரி கொடுக்காது, காவல் காக்காது. காற்றில் வருவதைக் கம்பிக்கும், கம்பியில் வருவதைக் காற்றுக்கும் மாற்றித் தரும் வேலையை மட்டும் பார்க்கும். அறைக்கு ஒன்றாக வைக்கும் ‘மெஷ்’ வகைப் பெட்டிகளிலும் இந்த வசதி பெரும்பாலும் உண்டு. அல்லது, மேசைக் கணினியின் கேபிளையும் புதிய பெட்டிக்கே மாற்றிவிடுங்கள். மாற்றியபின் எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போட்டு, புளோக் எண்ணை மறுபடி பாருங்கள்.

ஒரே புளோக்கில் இருந்தும் பேசவில்லையா?

அப்படியும் ஆகலாம். மூன்று காரணங்களைப் பாருங்கள்.

முதலாவது, விருந்தினர் வைஃபை. பல ரவுட்டர்களில் ‘கெஸ்ட்’ என்று தனி இணைப்பு இருக்கும். வருகிறவர்கள் இணையம் பார்க்கலாம், வீட்டுப் பொருளைத் தொட முடியாது என்பதற்காகவே அது. தீபாவளிக்கு வந்த தம்பிக்குக் கொடுத்த பெயரிலேயே உங்கள் மடிக்கணினியும் இணைந்திருந்தால், வீட்டுக்காரரே விருந்தாளியாக வெளித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். உள்ளே அழைத்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது, விண்டோஸ் கேட்கும் ஒரு கேள்வி. இந்த இணைப்பு ‘பப்ளிக்’கா, ‘பிரைவேட்’டா? பொது இடமா, சொந்த வீடா? பொது இடம் என்றால் கணினி வாயை மூடிக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவர் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. காப்பிக் கடையில் அது நல்ல குணம், வீட்டில் தேவையில்லை. இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கம்பி இணைப்புக்கும் வைஃபைக்கும் இந்தத் தேர்வு தனித்தனி. மடிக்கணினியில் மாற்றினோமே, போதாதா என்றால், போதாது. மேசைக் கணினியிலும் போய்ப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மறைச்சொல். இது பலரைப் பைத்தியமாக்கும். மேசைக் கணினியில் ஒரு கோப்புறையைப் பகிர்கிறீர்கள். மடிக்கணினியில் \\192.168.1.20 என்று தட்டினால், பெயரும் மறைச்சொல்லும் கேட்கிறது. தினமும் கணினியைத் திறக்கும் நான்கு இலக்க எண்ணைக் கொடுக்கிறீர்கள். ஏற்காது. அந்த எண் அந்த ஒரு கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான். தொலைவிலிருந்து வருகிறவர் கணக்கின் முழு மறைச்சொல்லைக் கொடுக்க வேண்டும். நாம்தான் அதை எப்போதோ மறந்துவிட்டோமே!

இவை தவிர, அலுவலக மடிக்கணினி என்றால், நிறுவனத்தின் விபிஎன் இணைப்பு ஓடும்போது வீட்டு அச்சு இயந்திரம் மறைந்துபோகலாம். அது கோளாறு அல்ல, அவர்களின் பாதுகாப்பு ஏற்பாடு. அதில் கை வைக்காதீர்கள்.

குறுக்கு வழியில் போன கதை

இதுவரை சொன்னதெல்லாம் இணைக்கும் வழி. இனி, இணைக்கக் கூடாத வழியைச் சொல்கிறேன். இதைச் சொல்வதற்காகத்தான் இந்த மன்றத்துக்கு வர ஒப்புக்கொண்டேன்.

2020 ஏப்ரல். கொவிட்-19 பரவலால் எல்லாரும் வீட்டுக்குள். பள்ளிகள் வீட்டிலிருந்தே கற்றலுக்கு மாறின. என் மகள் அப்போது தொடக்கநிலை ஒன்று. பயிற்சித் தாள்கள் அறையிலிருக்கும் மடிக்கணினிக்கு வரும். அச்சு இயந்திரமோ வரவேற்பறையில் என் மாமனாரின் மேசைக் கணினியோடு இணைந்திருந்தது. ஒவ்வொரு தாளையும் மாமனாருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், அவர் திறந்து அச்சடித்துக் கொண்டுவர வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து தடவை. மூன்றாம் நாள் அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “ஏம்மா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் என்னைத் தபால்காரனாக ஆக்கிவிட்டாயே?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. கணினி தெரிந்தவர் என்று ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் நான் மேலே சொன்ன எதையும் பார்க்கச் சொல்லவில்லை. “எல்லாக் கேபிளையும் ஒரே பெட்டியில் போடுங்கள். பிறகு ஃபயர்வாலை முழுதாக அணைத்துவிடுங்கள். டிஸ்க் முழுவதையும் எல்லாருக்கும் திறந்துவிடுங்கள், மறைச்சொல் வேண்டாம்” என்றார். செய்தேன். வேலை செய்தது! அன்று அவரைப் பெரிய மேதை என்று நினைத்தேன். உண்மையில், எங்கள் நோயைத் தீர்த்தது கேபிளை மாற்றியது மட்டும்தான். மற்ற இரண்டும், கதவு இறுகுகிறது என்பதற்காகக் கதவையே கழற்றி வைத்தது போல. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

எட்டு மாதம் எந்தத் தொல்லையும் இல்லை. டிசம்பரில் ஒரு நாள், என் கணவரின் தம்பி தன் மடிக்கணினியில், காசு கொடுத்து வாங்க வேண்டிய விளையாட்டு ஒன்றை இலவசமாகப் பதிவிறக்கினார். அதற்குள் ஒளிந்திருந்தது, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள். அது அவர் கணினியோடு நிற்கவில்லை. வீட்டுக்குள் மறைச்சொல் இல்லாமல் எது திறந்திருக்கிறது என்று தேடியது. மாமனாரின் டிஸ்க் திறந்திருந்தது.

அந்த டிஸ்கில் என்ன இருந்தது தெரியுமா? என் மாமனார் ஓய்வு பெற்றபின் இரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வருடியெடுத்த குடும்பப் படங்கள். அவர் பிறந்து வளர்ந்த செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பு, அங்கே நடந்த திருவிழா, அவருடைய தாயார் சமையற்கட்டில் அமர்ந்திருக்கும் படம். மூலப் படங்கள் பல, ஈரம் பட்டு ஒட்டிப்போனதால், கணினியில் ஏறியாயிற்றே என்று வீசப்பட்டுவிட்டன.

நாங்கள் பணம் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் திறந்துவிடுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஜொகூரில் இருக்கும் நாத்தனார் வீட்டில், ஒரு திருமணத்துக்காகப் பிரதி எடுத்துப்போன வெளி டிஸ்க் ஒன்று இருந்தது. எல்லை திறந்தபின் அதிலிருந்து ஏறத்தாழ பாதிப் படங்கள் திரும்பக் கிடைத்தன. தாயார் படம் அந்தப் பாதியில் இல்லை.

மாமனார் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “போகட்டும்மா, நினைவில் இருக்கிறது” என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

கதவு இருக்கட்டும், சாவியும் இருக்கட்டும்

ஆகவே, நேயர்களே, நான்கே நான்கு செய்திகளை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

ஒன்று, ஃபயர்வாலை அணைக்காதீர்கள். அதை அணைத்தால்தான் கணினிகள் பேசும் என்று யாராவது சொன்னால், அவர் காரணத்தைக் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம். வீட்டு இணைப்பைப் ‘பிரைவேட்’ என்று மாற்றி, கோப்புப் பகிர்வை இயக்கினாலே, தேவையான கதவை விண்டோஸ் தானே திறந்துவிடும்.

இரண்டு, டிஸ்க் முழுவதையும் பகிராதீர்கள். ‘பொது’ என்று ஒரு கோப்புறை திறந்து அதை மட்டும் பகிருங்கள். மறைச்சொல் கட்டாயம் வேண்டும். பார்த்தால் போதும் என்பவருக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள், எழுதும் உரிமை வேண்டாம். தாத்தாவின் படங்களைப் பேத்தி பார்க்கலாம். பேத்தியின் கணினிக்கு வந்த நோய் தாத்தாவின் படங்களை மாற்ற முடியாது.

மூன்று, பழைய சாதனங்களைக் கவனியுங்கள். 2017 மே மாதம் உலகையே உலுக்கிய ‘வானாகிரை’ நினைவிருக்கிறதா? விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் அது கணினி விட்டுக் கணினி பாய்ந்தது. அந்தப் பழைய முறையைப் புதிய விண்டோஸ் இப்போது இயல்பாகத் தருவதில்லை. உங்கள் பழைய சேமிப்புப் பெட்டி தெரியவில்லை என்பதற்காக, அதை மறுபடி இயக்கும் வழியைத் தேடாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேராத கணினி என்றால், அதை வீட்டுப் பகிர்வில் சேர்க்குமுன் யோசியுங்கள். ரவுட்டரும் அப்படித்தான். 2021 ஏப்ரல் 13 முதல் சிங்கப்பூரில் விற்கப்படும் வைஃபை ரவுட்டர்கள், எல்லாப் பெட்டிக்கும் ஒரே மறைச்சொல் என்று வரக் கூடாது என்பது உள்ளிட்ட அடிப்படைப் பாதுகாப்பு விதிகளை நிறைவேற்ற வேண்டும். உங்கள் பெட்டி அதற்கு முந்தியதா? நிர்வாக மறைச்சொல்லை இன்றிரவே மாற்றுங்கள். வைஃபை பூட்டு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான்கு, எது தொலைந்தால் அழுவீர்களோ, அதற்குப் பிரதி எடுத்து, எந்தக் கணினியோடும் இணைக்காமல் தனியாக வையுங்கள். ஒரு வெளி டிஸ்க் போதும். மாதம் ஒருமுறை செருகுங்கள், பிரதி எடுங்கள், பிடுங்கி அலமாரியில் வையுங்கள். முடிந்தால் இன்னொன்று உறவினர் வீட்டில். செருகியபடியே இருந்தால் அது பிரதி அல்ல. பூட்டப்படக் காத்திருக்கும் இன்னொரு டிஸ்க். எங்கள் பாதிப் படங்களைக் காப்பாற்றியது எந்தத் தொழில்நுட்ப வல்லமையும் இல்லை. நாத்தனார் வீட்டு அலமாரியில், எதிலும் செருகப்படாமல் கிடந்த ஒரு டிஸ்க்.

இன்று எங்கள் வீட்டில் ரவுட்டர் ஒன்று, இரண்டு அறைகளில் ஆக்சஸ் பாயின்ட். எல்லாரும் ஒரே புளோக். அச்சு இயந்திரத்தையும் வைஃபையில் போட்டுவிட்டோம். மகள் இப்போது அவள் அறையிலிருந்தே அச்சடிக்கிறாள். ஆனால், ஒரு வேடிக்கை. தாளை எடுத்துக்கொண்டு மாமனார் இன்னும் அவள் அறைக்குப் போகிறார். “தாத்தா, நானே வந்து எடுத்துக்கொள்வேனே” என்றால், “இருக்கட்டும், இந்தச் சாக்கில்தானே உன்னோடு இரண்டு வார்த்தை பேச முடிகிறது” என்கிறார்.

கணினிகளைப் பேச வைத்துவிட்டோம். அவற்றின் பின்னால் இருக்கிறவர்களும் பேசிக்கொண்டிருக்கட்டும்.